வண்டலுக்கு ஆள் இல்லாத ஏரிகள்

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், ஆவணியிலும் புரட்டாசியிலும், வடசென்னையின் கால்வாய்களில் இயந்திரங்கள் இறங்கும். கொடுங்கையூர்க் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய், இரண்டும் போய்ச் சேரும் பக்கிங்ஹாம் கால்வாய் என்று வரிசையாக வெங்காயத்தாமரையை வாரிக் கரையில் போடுவார்கள். ஐப்பசியில் மழை பிடித்துக்கொள்ளும். வாரியது போக மிச்சமிருப்பதை வெள்ளம் எண்ணூர் முகத்துவாரம் வரை தள்ளிக்கொண்டு போகும். உப்புத்தண்ணீர் பட்டு அது அங்கே அழுகும். பங்குனி வருவதற்குள் கால்வாய் மறுபடியும் பச்சை போர்த்திக்கொண்டுவிடும். மேற்கே ரெட்டேரியிலும் மாதவரம் ஏரியிலும் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் செடியின் மீது பழியைப் போடுவது: வெளிநாட்டுச் செடி, அசுர வளர்ச்சி, அழிக்கவே முடியாது. இந்த விளக்கத்தில் பாதி உண்மை உண்டு. மறு பாதி தண்ணீருக்கு அடியில், சேற்றில் கிடக்கிறது. ஒரு காலத்தில் ஏரியின் அடியில் சேர்ந்த சத்தை ஆண்டுதோறும் வெளியே எடுத்துப் போக ஆள் இருந்தது. அந்த வழி அடைபட்டது. அடைபட்ட இடத்தில் களை வளர்ந்தது. கொடுங்கையூரின் கடந்த நூறு ஆண்டு வரலாற்றை இந்தக் கோணத்தில் படித்தால், களையைப் பற்றி நாம் எடுத்த முடிவுகள் ஏன் திரும்பத் திரும்பத் தோற்றன என்பது விளங்கும்.

முதலில் செடிக்குரிய பாதி. வெங்காயத்தாமரை அமேசான் படுகையில் பிறந்தது. பூவின் அழகுக்காக 19ஆம் நூற்றாண்டில் உலகெங்கும் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டு, அந்த நூற்றாண்டின் முடிவில் வங்காளத்தில் வேரூன்றியது. சூடும் சத்தும் கிடைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகும். விதை சேற்றில் 15, 20 ஆண்டுகள்கூட உயிரோடு கிடக்கும். அரசுகள் இதை எதிர்கொள்ளச் சட்டத்தைத்தான் முதலில் நாடின. இலங்கை 1909லேயே இதற்கென்று தனிச் சட்டம் இயற்றியது. பர்மாவில் 1917லும் வங்காளத்தில் 1936லும் சட்டம் வந்தது. செடியை வைத்திருப்பது குற்றம், நிலத்துக்காரர் அதை அகற்றியாக வேண்டும் என்ற போக்கிலேயே இவை எழுதப்பட்டன. நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இலங்கையிலும் வங்கத்திலும் இன்றும் அது மிதந்துகொண்டிருக்கிறது. குளம் செடிக்கு என்ன கொடுக்கிறது என்று கேட்காமல், செடி எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்ட சட்டங்கள் அவை.

குளம் என்ன கொடுக்கிறது என்பதை 20ஆம் நூற்றாண்டின் ஏரி அறிவியல் படிப்படியாகக் கண்டுபிடித்தது. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் கிளிஃபோர்ட் மார்ட்டிமர் 1941, 1942இல் வெளியிட்ட ஆய்வுகள் இதில் முக்கியமானவை. சேற்றின் மேல்தோலில் உயிர்வளி (ஆக்சிஜன்) இருக்கும்வரை, அங்குள்ள இரும்பு மணிச்சத்தை (பாஸ்பரஸை) பிடித்து வைத்துக்கொள்ளும். உயிர்வளி தீர்ந்தால் இரும்பின் பிடி தளரும். மணிச்சத்து தண்ணீரில் கரைந்து மேலே வரும். கழிவுநீர் கலந்த நீர்நிலையில் இது இன்னும் மோசம். அங்கே கந்தகமும் சேர்ந்துகொண்டு இரும்பைத் தன்பக்கம் இழுத்துவிடுகிறது. வடசென்னைக் கால்வாய்ச் சேறு கன்னங்கரேலென்று இருப்பதும், கிளறினால் அழுகிய முட்டை வாடை வீசுவதும் இதனால்தான். அந்தக் கறுப்பு, இரும்பும் கந்தகமும் சேர்ந்த சேர்மத்தின் நிறம். வாரிக் கரையில் போட்ட சேற்றுக் குவியலைப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். காற்றுப் பட்ட மேல்புறம் சில நாளில் பழுப்பாகிவிடும். பிளந்தால் உள்ளே கறுப்பு அப்படியே இருக்கும். கறுத்த சேற்றின் இரும்பு மணிச்சத்தைக் காவல் காக்கிற நிலையில் இல்லை. அதற்கு மேல் நிற்கும் தண்ணீருக்கு இரவும் பகலும் உரம் ஊறிக்கொண்டே இருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். வெங்காயத்தாமரை மிதக்கும் செடி, அதன் வேர் தண்ணீரில் தொங்குகிறது, சேற்றைத் தொடுவதே இல்லை. பிறகு சேற்றை ஏன் இழுக்கிறாய்? வேர் பிடிக்கும் நீர்ச்செடிகளைப் பொறுத்தவரை விவாதமே இல்லை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் ஆய்வாளர்களான ஜான் பார்க்கோவும் மைக்கேல் ஸ்மார்ட்டும், நீருக்கடியில் வளரும் செடிகள் தமக்கு வேண்டிய மணிச்சத்தைப் பெரும்பாலும் சேற்றிலிருந்தே எடுக்கின்றன என்று தொட்டிகளில் வளர்த்துக் காட்டினார்கள். கரையோரம் அடர்ந்து நிற்கும் சம்பும் கோரையும் அப்படித்தான். மிதக்கும் செடிக்குச் சேறு மறைமுகமாக ஊட்டுகிறது. ஒரு ஹெக்டேர் ஏரியில் மேல் பத்து சென்டிமீட்டர் சேற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதில் உலர்ந்த எடை சுமார் 400 டன் இருக்கும். கிலோவுக்கு ஒரு கிராம் மணிச்சத்து என்று அடக்கமாகவே வைத்தாலும் 400 கிலோ. அதே ஒரு ஹெக்டேரை வெங்காயத்தாமரை நெருக்கமாக மூடிக் கிடந்தால் பச்சை எடை 300 டன் அளவு. அதில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர் என்பதால், செடி மொத்தமும் பிடித்து வைத்திருக்கும் மணிச்சத்து 60 கிலோவைத் தாண்டாது. மேலே தெரியும் பச்சையைப்போல ஆறேழு மடங்கு சத்து, கண்ணுக்குத் தெரியாமல் கீழே இருக்கிறது. அது முழுவதும் கரைந்து வருவதில்லை என்பது உண்மை. உயிர்வளியற்ற சேறு ஒரு சதுர மீட்டரில் நாளுக்கு 10 மில்லிகிராம் விடுவதாகக் கொண்டால் ஆண்டுக்கு 36 கிலோ. வெளியிலிருந்து ஒரு சொட்டுக் கழிவுநீர் வராவிட்டாலும் பாதிக்கு மேல் ஏரியை மறுபடி மூட அது போதும். கோடையில் நீர் குறைந்து செடி தரைதட்டும்போது வேர் நேராகச் சேற்றுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி வரலாற்றுக்கு வரலாம். புழல், மாதவரம், கொளத்தூர் என்று கொடுங்கையூருக்கு மேற்கே விரிந்து கிடந்த நிலம், செங்கல்பட்டுச் சீமையின் ஏரிப் பாசன நிலம். அந்த ஏரிகள் ஆழமற்றவை. மழையில் நிரம்பி, போகத்துக்குப் பாய்ந்து, சித்திரை வைகாசியில் வற்றிவிடுபவை. வற்றுவது குறையாக அன்று யாருக்கும் தோன்றியதில்லை. வற்றிய ஏரியில்தான் மாடு மேய்ந்தது. வற்றிய ஏரியிலிருந்துதான் வண்டி கட்டி வயலுக்கு வண்டல் அடித்தார்கள். மேல்நிலத்திலிருந்து மழை அரித்துக் கொண்டுவந்த நுண்மண், அதோடு வந்த சாணமும் இலைச்சருகும், ஏரியில் செத்த பாசியும் செடியும், எல்லாம் சேர்ந்த அந்த மண் வயலுக்கு எரு. ஏரிக்கோ அது பாரம் குறைவது. பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகளில் ஏரியில் குழி குத்தி மண் எடுக்கவும், ஓடத்தில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோகவும் நிவந்தம் (அறக்கொடை) வைத்த செய்திகள் உண்டு. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்திலேயே ஏரி வாரியம் என்ற தனிக் குழு இருந்தது. தண்ணீர் கொள்ளளவைக் காக்கத்தான் இதெல்லாம் என்று நாம் படிக்கிறோம். அது சரிதான். ஆனால் கொள்ளளவோடு கூடவே சத்தும் ஆண்டுக்கு ஆண்டு வெளியே போனது. வெயிலில் வெடித்த ஏரித்தரையில் காற்றுப் புகுந்து இரும்பின் பிடி மறுபடி இறுகியது. மார்ட்டிமரின் ஆய்வு அந்த உழவர்களுக்குத் தேவைப்படவில்லை. வயலில் நெல் காட்டிய வித்தியாசம் போதுமானதாக இருந்தது.

இதைப் பொற்காலமாகப் பாடுவது என் நோக்கமில்லை. ஊரார் கூடி ஏரியைப் பராமரித்த, குடிமராமத்து என்று இன்று பெருமையோடு பேசப்படும் ஏற்பாட்டில், மண்வெட்டி பிடித்தவர் யார், பாசனத்தின் பலனை அதிகம் அனுபவித்தவர் யார் என்று கேட்டால், ஊரின் சாதி அடுக்கு அப்படியே வெளியே வரும். சேரியிலிருந்து வந்த கைகளே பெரும்பாலும் சேற்றில் இறங்கின. அந்த உழைப்பைச் சட்டத்தின் பலத்தால் வாங்க 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. தானாக நடந்துகொண்டிருந்தால் அப்படி ஒரு சட்டத்துக்கு வேலையே இருந்திருக்காது. அநீதியான உழைப்பின் மேல் நின்ற ஒரு வழக்கம், சத்தின் சுற்றைச் சரியாக மூடியும் வைத்திருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. அநீதியை நீக்கிவிட்டுச் சுற்றைக் காப்பாற்றியிருக்க வேண்டும். நடந்தது என்னவென்றால் சுற்று உடைந்தது, அநீதி வேறு வடிவத்தில் தொடர்ந்தது. கழிவுநீர்ச் சேற்றில் இன்றும் இறக்கப்படுவது யார் என்பது சென்னையில் எல்லோருக்கும் தெரியும்.

சுற்று உடைந்த இடங்களில் ஒன்று கொடுங்கையூர். 1872இல் செங்குன்றம் ஏரியின் தண்ணீர் நகருக்குக் குடிநீராக வரத் தொடங்கியது. குழாயில் வந்த தண்ணீர் சாக்கடையாக வெளியேற வழி வேண்டும். 1910 வாக்கில் திட்டமிடப்பட்ட பாதாளச் சாக்கடை, 1961இல் நகரத்தில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்ற கணிப்பில் வடிவமைக்கப்பட்டது. வடக்குப் பகுதியின் கழிவுநீரில் ஒரு பங்கு காசிமேட்டில் கடலுக்குப் போனது. ஒரு பங்கு கொடுங்கையூரில் மாநகராட்சியின் கழிவுநீர்ப் பண்ணைக்கு வந்தது. பாத்தி கட்டிக் கழிவுநீரைப் பாய்ச்சித் தண்ணீர்ப்புல் வளர்த்தார்கள். அறுத்த புல் மாட்டுக்குப் போனது. இந்த யோசனை ஐரோப்பாவிலிருந்து வந்தது. நகரத்தின் மலத்தில் இருக்கும் சத்தைக் கடலில் கொட்டுவது நாட்டை வறுமையாக்கும் என்று ஜெர்மானிய வேதியியலர் லீபிக் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எச்சரித்துக்கொண்டே இருந்தார். பெர்லினும் பாரிஸும் பெரிய கழிவுநீர்ப் பண்ணைகளை வைத்திருந்தன. கொடுங்கையூர்ப் பண்ணையை இந்த வரலாற்றில் வைத்துப் பார்த்தால், நகரத்தின் சத்து புல்லாகி, பாலாகி மறுபடி நகரத்துக்கே திரும்பிய ஒரு சிறிய வளையம் அது. ஏரி வண்டல் செய்த வேலையை வேறு வகையில் செய்தது.

அந்தப் பண்ணை நல்லபடியாக நடந்தது என்று சொல்லவும் முடியாது. அளவுக்கு மேல் கழிவுநீரைக் குடித்த மண் அடைத்துக்கொள்ளும்; நாற்றமும் கொசுவும் சுற்றியிருந்தவர்கள் தலையில் விழும்; வெறுங்காலோடு வேலை செய்தவர்களுக்குக் கொக்கிப்புழு வரும். இந்தியாவின் கழிவுநீர்ப் பண்ணைகள் எல்லாவற்றிலும் இருந்த கேடுகள் இவை. ஆனால் பண்ணையைத் தோற்கடித்தது அடிப்படையில் அளவுதான். 1961 கணக்கெடுப்பில் நகரத்தில் இருந்தவர்கள் 6.6 லட்சம் பேர் இல்லை. 17 லட்சத்துக்கும் மேல். இந்தியாவில் ஓர் ஆளின் உடலிலிருந்து ஆண்டுக்குச் சுமார் இரண்டரை கிலோ தழைச்சத்தும் (நைட்ரஜன்) 400 கிராம் மணிச்சத்தும் வெளியேறுகின்றன என்று வைத்துக்கொண்டால், 17 லட்சம் பேருக்கு 4,000 டன்னுக்கு மேல் தழைச்சத்து, ஏறக்குறைய 700 டன் மணிச்சத்து. சலவைத்தூள் கொண்டுவந்த மணிச்சத்து தனி. இவ்வளவையும் வாங்கிக்கொள்ளப் புல் வயல் எங்கே இருந்தது? பண்ணை இருந்த பக்கம் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. 1980களுக்குப் பின் குப்பைமேடு உயர்ந்தது. மழையில் ஊறும் குப்பையிலிருந்து கசியும் நீரில் தழைச்சத்து அம்மோனியாவாக நிறைந்திருக்கும். அதுவும் தாழ்ந்த நிலத்தைத்தான் தேடிப் போகும்.

இதே காலத்தில், சில கிலோமீட்டர் தள்ளி மணலியில், மறு முனையும் அறுந்தது. 1966இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் 1971இல் உற்பத்தியைத் தொடங்கியது. காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து யூரியாவாக்கி மூட்டையில் கட்டிக் கொடுக்கும் ஆலை ஊர்ப்பக்கத்திலேயே வந்த பிறகு, வண்டல் அடிக்க வண்டி கட்டுவது யாருக்குக் கட்டுபடியாகும்? பாசன நிலமே மனைகளாகிக்கொண்டிருந்தது. ஏரி இருந்தது, ஆயக்கட்டு இல்லை. மண்ணை வாங்கிக்கொள்ள வயல் இல்லாத ஏரியில் மண் தங்கியது. கோடையில் வற்றும் பழக்கமும் போயிற்று. சுற்றியுள்ள குடியிருப்புகளின் கழிவுநீர் பங்குனி வெயிலிலும் ஏரியை ஈரமாகவே வைத்திருந்தது. இப்படி வண்டலுக்கு ஆளும் போய், வற்றுவதும் போய், உள்ளே வரும் சத்து மட்டும் பல மடங்கான ஒரு குளத்தில்தான் வெங்காயத்தாமரை தனக்கேற்ற வீட்டைக் கண்டது.

தொழிற்சாலைகளுக்கு இந்தச் சத்து எவ்வளவு தொல்லை என்பதை அவை நன்றாகவே அறிந்திருந்தன. 1990களின் தொடக்கத்தில், நல்ல தண்ணீர் கிடைக்காமல், மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் கொடுங்கையூரிலிருந்து வரும் கழிவுநீரை மேலும் சுத்தப்படுத்திப் பயன்படுத்தத் தொடங்கின. நாட்டில் இதை முதலில் செய்தவற்றில் இவை சேரும். 2019இல் குடிநீர் வாரியம் கொடுங்கையூரிலேயே நாளுக்கு 4.5 கோடி லிட்டர் தண்ணீரைச் சவ்வில் வடிகட்டி மணலித் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் நிலையத்தைத் திறந்தது. மணிச்சத்து இருந்தால் குளிரூட்டும் கோபுரத்தில் படிவு கட்டும், சவ்வு அடைத்துக்கொள்ளும். அதனால் ஆலைக்குப் போகும் தண்ணீரில் சத்தை நீக்கியே ஆக வேண்டும். இது மெச்சத்தக்க வேலை. நகரத்தின் குடிநீரைத் தொழிற்சாலை குடிக்காமல் காப்பாற்றுகிறது. ஆனால் சவ்வு எதையும் அழிப்பதில்லை. பிரித்து வேறொரு குழாயில் விடுகிறது. ஆலைக்கு வேண்டிய தண்ணீருக்குச் சத்தின் அளவைக் கணக்குப் பார்க்கிற நாம், கால்வாயில் விடும் தண்ணீருக்கு அதைப் பார்ப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சட்டமும் பார்க்கவில்லை. வழக்கமான இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு அழுகும் பொருளை நீக்குவதற்காக வடிவமைக்கப்பட்டது. மணிச்சத்தில் பெரும்பகுதி அதைத் தாண்டிப் போய்விடும். 2015இல் மத்திய அரசு வெளியிட்ட வரைவில் கழிவுநீர் நிலையங்களிலிருந்து வெளிவரும் தழைச்சத்துக்கு வரம்பு இருந்தது. 2017 அக்டோபரில் வந்த இறுதி அறிவிக்கையில் அது காணாமற்போனது. 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தழைச்சத்து, மணிச்சத்து இரண்டுக்கும் கடுமையான வரம்பு வேண்டும் என்று உத்தரவிட நேர்ந்தது. விதிப்படி சுத்தமான தண்ணீர் கால்வாயில் விடப்பட்டு, அந்தச் சுத்தமான தண்ணீரிலேயே களை செழிக்கும் விந்தை இதிலிருந்து பிறக்கிறது. நிலையம் சரியாக ஓடுகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் இதற்கு விடை கிடைக்காது.

களையை வாரினாலே சத்தும் வெளியே வந்துவிடாதா என்பார்கள். வெங்காயத்தாமரையை வளர்த்து அறுத்தே கழிவுநீரைச் சுத்தப்படுத்தலாம் என்ற ஆசை 1970களில் உலகம் முழுவதும் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் எல்லை தெரியும். பத்து லட்சம் லிட்டர் கழிவுநீரில் ஏறக்குறைய 6 கிலோ மணிச்சத்து இருக்கும். ஒரு டன் பச்சைச் செடியில் இருப்பது 200 கிராம். ஆகவே அந்தப் பத்து லட்சம் லிட்டருக்கு ஈடுகட்ட நாளுக்கு 30 டன் வார வேண்டும், ஆண்டு முழுவதும், ஒரு நாள் விடாமல். மிக வேகமாக வளரும் பருவத்தில்கூட அவ்வளவு செடிக்கு 18 ஏக்கர் நீர்ப்பரப்பு வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்கு முன், வெள்ளம் தங்காமலிருக்க வாருவது வெள்ளத்துக்கான வேலை; அதைக் களைக் கட்டுப்பாடு என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. அந்த வேலையும் தேவைதான், கொடுங்கையூரில் வீட்டுக்குள் தண்ணீர் வாங்கியவர்கள் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் வாரியதைக் கரையிலேயே குவித்துவிட்டால் அந்தப் பயனிலும் பாதி போயிற்று: அழுகிய செடியின் சாறும் குவித்த சேறும் முதல் மழையிலேயே கால்வாய்க்குத் திரும்பிவிடும். களைக்கொல்லி தெளிப்பது இதைவிடக் கேடு. செடி செத்து மூழ்கும். பிடித்து வைத்திருந்த சத்து மொத்தமும் அடிச்சேற்றில் சேரும். அது அழுகும்போது மிச்சமிருக்கும் உயிர்வளியும் தீரும்.

வண்டு விடலாமே என்ற யோசனை இன்னும் கனமானது. வெங்காயத்தாமரையின் தாயகத்திலிருந்து வந்த நியோசெட்டினா இனக் கூன்வண்டுகள் 1980களின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பெங்களூரின் ஏரிகளில் விடப்பட்டன. மணிப்பூரின் லோக்டாக் ஏரியில் நல்ல பலன் தந்தன. கேரளத்தின் குட்டநாட்டில் சால்வீனியா என்ற இன்னொரு மிதக்கும் களையை அதற்குரிய வண்டு அடக்கிய கதை உலகப் புகழ் பெற்றது. ஆகவே வண்டால் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தென்னாப்பிரிக்காவில் நடந்த ஆய்வுகள் ஒன்றைத் தெளிவாகக் காட்டின: சத்து மிகுந்த அணைகளில், வண்டு தின்னும் வேகத்தை மீறிச் செடி வளர்ந்துவிடுகிறது. சத்து ஓரளவுக்குக் கீழே இருந்தால்தான் வண்டு ஜெயிக்கிறது. சத்து அறவே இல்லாவிட்டால் வண்டும் பெருகாது என்பதையும் சொல்ல வேண்டும். பப்புவா நியூகினியில் சால்வீனியாவில் வண்டு பிடிக்காதபோது, ஆய்வாளர்கள் யூரியா போட்டுச் செடியின் தழைச்சத்தைக் கூட்டி வண்டைப் பெருக்கினார்கள். வண்டும் கடைசியில் சத்தின் கணக்குக்குக் கட்டுப்பட்டதுதான்.

மிக வலுவான மறுப்பு இன்னொன்று. கழிவுநீரை நிறுத்தினால் போதும், சேறு தானே அடங்கிவிடும் என்பது. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தை ஒட்டிய வாஷிங்டன் ஏரி இதற்குச் சான்று. 1963 முதல் 1968 வரை படிப்படியாகக் கழிவுநீரைத் திருப்பிவிட்டார்கள். சில ஆண்டுகளிலேயே ஏரி தெளிந்தது. ஆனால் அந்த ஏரி 60 மீட்டருக்கும் மேல் ஆழமானது. அடியில் இருப்பது மேலே வரச் சிரமப்படும். ஸ்வீடனில் வாக்‌ஷோ நகரத்தருகே உள்ள ட்ரும்மன் ஏரி இரண்டு மீட்டர்தான் ஆழம். அங்கே 1950களின் இறுதியில் கழிவுநீரை நிறுத்தினார்கள். பத்து ஆண்டுகள் கழித்தும் ஏரி பாசி பிடித்தே கிடந்தது. 1970, 1971இல் சேற்றின் மேல் ஒரு மீட்டரை உறிஞ்சி வெளியேற்றிய பிறகுதான் அது மீண்டது. ரெட்டேரியும் மாதவரம் ஏரியும் இந்த இரண்டில் எதற்கு உறவு என்பதற்கு ஆய்வு தேவையில்லை. கோடையில் இடுப்பளவே தண்ணீர் நிற்கும் ஏரிகள் அவை. கழிவுநீரை நிறுத்துவது முதல் வேலை. அது இல்லாமல் சேற்றை எடுப்பது வீண். ஆனால் அது மட்டும் போதும் என்று நம்பினால் இன்னொரு பத்து ஆண்டு களையோடு காத்திருக்க வேண்டும்.

எடுத்த சேறு எங்கே போகும் என்ற கேள்விதான் இங்கே எல்லாவற்றையும்விடக் கடினம். 2017 முதல் தமிழக அரசு ஏரி வண்டலை உழவர்கள் கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ள அனுமதித்து வருகிறது. கிராமத்து ஏரிகளுக்கு அது நல்ல திருப்பம். கொடுங்கையூருக்கு அது பொருந்தாது. மணலித் தொழிற்சாலைகள் அரை நூற்றாண்டாகவும் குப்பைமேடு நாற்பது ஆண்டுகளாகவும் பக்கத்தில் இருக்க, கால்வாய்ச் சேற்றில் எண்ணெயும் ஈயமும் குரோமியமும் இருக்கலாம் என்ற சந்தேகத்தோடுதான் தொட வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலிப் பக்கத்திலிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் வரை எண்ணெய் படர்ந்ததை நாடே பார்த்தது. அந்தச் சேற்றை நெல் வயலில் போடச் சொல்பவர் பொறுப்பற்றவர். அதனால் எல்லாச் சேறும் ஒன்றில்லை என்று பிரித்தறிவது அவசியமாகிறது. வீட்டுக் கழிவுநீர் மட்டும் கலந்த மேற்கு ஏரிகளின் வண்டலைப் பரிசோதித்துப் பூங்காவுக்கும் மரக்கன்றுகளுக்கும் கொடுக்க முடியும். கால்வாயின் கிழக்குப் பகுதிச் சேற்றைப் பாதுகாப்பாக ஒதுக்கி வைப்பதைத் தவிர வழியில்லாமல் இருக்கலாம். பழைய வழக்கம் மண்ணைப் பார்த்தே எரு என்று முடிவு செய்தது. இப்போது ஆய்வுக்கூடம் சொல்ல வேண்டும்.

சத்துக்கு ஆள் வைத்தால் களை அடங்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே உயிருள்ள சான்று உண்டு. கொல்கத்தாவின் கிழக்கே 12,500 ஹெக்டேர் சதுப்பு நிலத்தில், நகரத்தின் கழிவுநீரை ஆழமற்ற குட்டைகளில் விட்டு மீன் வளர்க்கிறார்கள். 2002இல் அது ராம்சார் உடன்படிக்கையின்கீழ் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலமானது. சூழலியலர் துருவஜோதி கோஷ் வாழ்நாள் முழுதும் அதற்காக வாதாடினார். அங்கேயும் வெங்காயத்தாமரை இருக்கிறது. குட்டையின் ஓரத்தில் பட்டையாக விட்டு, அலை கரையை அரிக்காமலிருக்க அதைப் பயன்படுத்துகிறார்கள். குட்டையை அவ்வப்போது வடித்துக் காயவிடுகிறார்கள். சத்து மீனாகி நகரத்துக்குத் திரும்புவதால் செடிக்கு மிஞ்சுவது குறைவு. தொழிற்சாலைக் கழிவு கலக்கும் வடசென்னையில் அதே மீன் குட்டையை வெட்டச் சொல்லவில்லை. இரண்டிடத்திலும் அதே செடி, நகரத்தின் கழிவுநீர், அதே வெயில். வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிற இடத்தில் நிலைமை வேறாக இருக்கிறது என்பதையே சொல்கிறேன்.

கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் 252 ஏக்கரில் கிடக்கும் சுமார் 66 லட்சம் டன் பழைய குப்பையைப் பிரித்தெடுத்து நிலத்தை மீட்கும் பணிக்கு மாநகராட்சி 600 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியிருக்கிறது. நாற்பது ஆண்டுக் குப்பையை ஏக்கர், டன் என்று அளந்து, எது மண், எது பிளாஸ்டிக், எது எங்கே போகும் என்று ஒப்பந்தத்தில் எழுத முடிந்த நகரத்துக்கு, அதே நாற்பது ஆண்டுகள் ஏரியிலும் கால்வாயிலும் படிந்த சேற்றை அப்படி அளக்க முடியாமல் போகாது. இப்போதைய தூர்வாரும் ஒப்பந்தங்கள் நீளத்தையும் கனஅளவையும் பேசுகின்றன. எந்த ஆழத்தில் எவ்வளவு மணிச்சத்து, எவ்வளவு தழைச்சத்து, எந்த உலோகம், வாரிய மண் எந்த இடத்துக்கு எந்தத் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பவையும் அதில் வர வேண்டும். முதலில் ரெட்டேரிக்கும் மாதவரம் ஏரிக்கும் கழிவுநீர் வரும் வாய்களை அடைத்து, அடுத்த கோடையில் ஒரு ஏரியை முழுதாக வற்றவிட்டு, மேல் சேற்றை எடுத்து, அதற்குப் பிறகு வண்டு விட்டு இரண்டு மழை பொறுத்துப் பார்க்கலாம். பக்கத்திலேயே சேற்றைத் தொடாமல் களையை மட்டும் வாரிய இன்னொரு ஏரியும் இருக்கும். எது எவ்வளவு நாளில் மறுபடி மூடுகிறது என்று மாதாமாதம் அளந்து ஊருக்குச் சொல்ல, நீர்வளத் துறையிடமும் குடிநீர் வாரியத்திடமும் ஆள் இருக்கிறது, கருவி இருக்கிறது.